முழங்கால் சாக்கு

குடியிருப்பில் எல்லோரும் அவரை இலை டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். கல்லூரியில் வாங்கிய பட்டம் இல்லை. இருபத்தாறு வருஷம் வேலிச்செடிகளுக்கு முன்னால் மண்டி போட்டு வாங்கியது. அடிக்கிளையை விலக்கி, பூதக்கண்ணாடியில் இலையைப் பார்த்துவிட்டு, பூச்சியா, பூஞ்சையா, வெறும் தண்ணீர்க் கோளாறா என்று புட்டுப் புட்டு வைப்பார். சுத்தம் என்றால் அவருக்கு உயிர். கத்தரியை ஸ்பிரிட்டில் துடைக்காமல் அடுத்த வீட்டுப் படியை மிதிக்க மாட்டார். துடைக்காத தோட்டக்காரர் எவராவது கண்ணில் பட்டால், "நீ செடி வெட்டுறியா, நோய் விதைக்கிறியா?" என்று கேட்டு மானத்தை வாங்கிவிடுவார்.

கிழமைக்கு ஒரு வீடு. சனிக்கிழமை மட்டும் அக்காவின் செடி நர்சரி.

அந்த மழைக்காலத்தில் திங்கட்கிழமை வீட்டு வேலியில்தான் முதலில் கண்டார். இலையில் பழுப்புப் புள்ளி, தண்டில் கறுப்புக் கீற்று, அடியிலிருந்து மேலாக மொட்டை. தண்டு வரை ஏறிவிட்ட பூஞ்சைக்கு மருந்தடித்துப் பயனில்லை. பிடுங்கிக் கொளுத்தச் சொன்னார். "எதுல இருந்து வந்துச்சு?" என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு, "நீங்க மேலால தண்ணி ஊத்துறதுதான்" என்று ஒரு போடு போட்டார். அடுத்த வாரம் செவ்வாய் வீடு. அதற்கடுத்த வாரம் புதனும் வியாழனும்.

வெள்ளிக்கிழமை வீட்டு டீச்சரம்மா தன் வேலியைக் காட்டி, "டாக்டரே, இந்த நோய்க்குக் கிழமை பார்க்கத் தெரியுமோ? வரிசை தப்பாம வருதே" என்றார்.

அவர் சிரித்துவைத்தார். ஆனால் வீட்டுக்குப் போன கையோடு கத்தரி, கையுறை, பூட்ஸ் எல்லாவற்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தார். ஒரு குற்றமும் இல்லை.

சனிக்கிழமை காலையிலேயே தூறல். அத்தான் போன பிறகு அக்காவுக்குச் சோறும் துணையும் அந்த நர்சரிதான். புதிதாகக் கட்டிய ஆஸ்பத்திரியின் சுற்றுவேலிக்கென்று இரண்டு வருஷமாக வளர்த்த அதே வேலிச்செடியின் மூவாயிரம் கன்றுகள் வரிசையாக நின்றன. போன சனிக்கிழமை விட்ட இடத்தில் அவர் சாக்கை விரித்து மண்டி போட்டார். பழைய அரிசிச் சாக்கு, நாலாக மடித்துத் தைத்தது. முழங்கால் வலிக்காமல் இருக்க எந்தத் தோட்டத்துக்கும் அதைத் தூக்கிக்கொண்டுதான் போவார்.

கத்தரியை எடுக்கக் குனிந்தபோதுதான் பார்த்தார். ஈரச் சாக்கின் இழைகளுக்குள் உதிர்ந்த இலைகள் ஒட்டியிருந்தன. ஒன்றைப் பிய்த்தெடுத்தார். பழுப்புப் புள்ளி.

போன வாரம் மண்டி போட்ட வரிசைக்குப் போய் அடிக்கிளையை விலக்கினார். முதல் கன்று, இரண்டாவது, மூன்றாவது. தண்டிலெல்லாம் கறுப்புக் கீற்று. இன்னும் எத்தனை வரிசை என்று பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. வேலியே பயிரை மேய்ந்துவிட்டதே என்று நினைத்தார்.

கொட்டகையிலிருந்து அக்கா டம்ளரோடு வந்துகொண்டிருந்தாள். "தம்பி, டீ ஆறிடும். லாரி திங்கக்கிழமையே வருதாம். கன்னு நல்லா இருக்குன்னு நீ ஒரு வார்த்தை சொன்னா போதும்னுட்டாங்க."

"கிட்ட வராதக்கா. அங்கேயே நில்லு. லாரி வேணாம்னு சொல்லிடு."

அவள் அவருடைய கையிலிருந்த இலையைப் பார்த்தாள், பிறகு வரிசைகளைப் பார்த்தாள். தம்பி பிடுங்கிக் கொளுத்தச் சொன்ன வேலிகளின் கதையெல்லாம் அவளுக்குத் தெரியும்.

"எதுல இருந்துடா வந்துச்சு?"

"என்கிட்ட இருந்துதான்க்கா," என்றார்.