வேண்டாம் என்று கேட்ட ஜெபம்

அன்பான சபையாரே, இரண்டாவது மகள் பிறந்த மூன்றாம் வாரம் என்னால் படுக்க முடியாமல் போனது. படுத்தால் மூச்சு முட்டும். கால்கள் இரண்டும் வீங்கிவிட்டன. பிரசவக் களைப்பு என்று நினைத்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகுதான் பிரசவத்தால் என் இதயம் பலவீனமாகிவிட்டது என்று தெரிந்தது. பதினோரு நாள் வார்டில் கிடந்தேன். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். இன்னொரு பிள்ளை உண்டானால் என் உயிருக்கே ஆபத்து.

என் பெயர் சாந்தி. மெர்கோங்கில் இருக்கிறோம். என் கணவர் தாஸ், பெண்டாங்கில் ஒரு நெல் ஆலையில் லோரி ஓட்டுகிறார். நல்ல மனிதர். ஆனால் ஓர் ஆண் பிள்ளை வேண்டும் என்பது அவருக்குப் பெரிய ஆசை.

தாய் சேய் கிளினிக்கில் நர்ஸ் வசந்தா மிஸ்ஸி என்னைத் தனியாக உட்கார வைத்துப் பேசினார். "தங்கச்சி, சாதாரண கருத்தடை மாத்திரை உன் இதயத்துக்கு ஒத்து வராது. கையில தோலுக்கு அடியில ஒரு சின்னக் குச்சி வைப்போம், மூணு வருஷம் தாங்கும். பெராஞ்சாங் எடுக்காம மட்டும் இருந்துடாத லா."

பெராஞ்சாங், அதாவது கருத்தடை, என்ற பேச்சை வீட்டில் எடுத்தேன். என் கணவருக்குப் பிடிக்கவில்லை.

"ஆண்டவர் குடுக்கறத தடுக்க நாம யாரு? டாக்டருங்க அப்படித்தான் பயங்காட்டுவாங்க. நாள் பாத்து இருந்துக்கலாம்."

காலண்டரில் நாள் எண்ணினேன். பால் கொடுக்கிறவளுக்கு மாதவிலக்கு ஒழுங்காக வருவதில்லை. எது ஆபத்தில்லாத நாள் என்று எதை வைத்துச் சொல்வது? அவருக்குத் தெரியாமல் அந்தக் குச்சியை வைத்துக்கொள்ளலாமா என்றும் நினைத்தேன். அந்தப் பொய்யோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆராதிக்க எனக்கு மனம் வரவில்லை.

போன வருஷம் மார்ச் மாதம் நாள் தள்ளிப்போனது. ஒரு வாரம். இரண்டு வாரம். காலையில் குமட்டல். மார்பு கனத்தது. அடிக்கடி சிறுநீர். கறி தாளிக்கிற வாசனை ஆகவில்லை. இரண்டு பெற்றவளுக்கு இந்த அடையாளங்கள் தெரியாதா?

மிஸ்ஸி சிறுநீரைப் பரிசோதித்தார். ஒரே கோடுதான் வந்தது. "இப்ப ஒண்ணும் காட்டல. ரொம்ப ஆரம்பமா இருந்தா காட்டாமலும் போகும். ஒரு வாரம் கழிச்சு வா. புருஷனையும் கூட்டிட்டு வா."

அந்த ஒரு வாரம் நான் உயிரோடு இருந்தேன் என்று சொல்ல முடியாது. சின்னவளுக்கு அப்போது ஏழு மாதம். நான் போய்விட்டால் என் முகம்கூட அவளுக்கு ஞாபகம் இருக்காது. பாத்திரம் கழுவிக்கொண்டே, "ஆண்டவரே, வேண்டாம்" என்றேன். சொன்னதுமே இது பாவமோ என்று பயந்தேன். வேதத்தைத் திறந்தால் பிள்ளைக்காக அழுத பெண்கள்தான் வந்தார்கள். வேண்டாம் என்று அழுதவள் ஒருத்தியும் இல்லை. அதன்பிறகு எனக்கு ஜெபமே வரவில்லை.

ஞாயிறு வந்தது. ஜெபக் குறிப்பு சொல்லும் நேரத்தில் ரெபேக்கா அக்கா எழுந்து, எட்டு வருஷமாகக் கேட்பதையே கேட்டார். ஒரு குழந்தை. அவர் உட்கார்ந்ததும் நான் எழுந்தேன். எப்படி எழுந்தேன் என்று தெரியாது.

"என் வயித்துல ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னு ஜெபம் பண்ணுங்க. இருக்கிற ரெண்டையும் நான் வளக்கணும். சாக பயமா இருக்கு."

அன்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். என் கணவர் எழுந்து வெளியே போய்விட்டார். ரெபேக்கா அக்கா என்னிடம் வந்தார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். என் தோளைக் கட்டிக்கொண்டு அழுதார். "ஆண்டவரே, இந்தப் பிள்ளைய எங்களுக்கு விட்டு வையும்" என்றார்.

வீட்டில் இரண்டு நாள் பேச்சில்லை. உயிரும் போகும், குடும்பமும் போகும் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் காலை அவர் வேலைக்குக் கிளம்பவில்லை.

"கிளினிக் எத்தன மணிக்கு?" என்றார்.

மிஸ்ஸியிடம் அவரே கேட்டார். "உண்டானா இவ பொழைக்க மாட்டாளா?"

"பொழைக்கலாம், பொழைக்காமலும் போகலாம் அண்ணே. இதயம் இன்னும் தேறல."

அவர் என் பக்கம் திரும்பினார். "ஆசையில நான் எதையும் காதுல வாங்கல" என்றார்.

இரண்டாவது பரிசோதனையிலும் ஒரே கோடு. பால் கொடுப்பதாலும் மனக்கலக்கத்தாலும்கூட நாள் தள்ளிப்போகும் என்று மிஸ்ஸி விளக்கினார். இரண்டு நாளில் மாதவிலக்கு வந்தது. குளியலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். மறுநாளே குச்சி வைத்தார்கள். அவர் என் பக்கத்திலேயே நின்றார்.

என் இதயம் இன்னும் முழுதாகத் தேறவில்லை. மாத்திரை தொடர்கிறது. ரெபேக்கா அக்காவுக்கு இன்னும் குழந்தை இல்லை. எனக்குக் கிடைத்த பதில் அவருக்கு ஏன் தாமதிக்கிறது என்று எனக்குத் தெரியாது. தினமும் அவருக்காக முழங்காலில் நிற்கிறேன். என் கணவரும் கூட நிற்கிறார்.

சகோதரிகளே, சொல்ல வெட்கப்பட்டு அடக்கி வைத்திருக்கிற விண்ணப்பம் உங்களுக்கும் இருக்கலாம். ஆண்டவரிடம் சொல்லுங்கள். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டார். மிஸ்ஸியிடமும் சொல்லுங்கள், அவரையும் ஆண்டவர்தான் அங்கே வைத்திருக்கிறார்.

அடுத்த மாதம் சின்னவளுக்கு இரண்டு வயது. என் கையாலேயே கேக் செய்யப்போகிறேன். எல்லோரும் வீட்டுக்கு வாருங்கள்.