எந்தப் புளியமரம்?

போன வாரம் கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைப்பக்கம் பஸ்ஸில் போனேன். இட ஒதுக்கீட்டு மறியல் முடிந்த மறுநாள். சாலையோரப் புளியமரங்களை வரிசையாக வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். கடைசி மரத்தை இழுத்து ஓரம்கட்டும்வரை பஸ் நின்றது.

நான் சும்மா இருப்பேனா? பக்கத்து சீட்காரரிடம் தத்துவத்தை அவிழ்த்துவிட்டேன்.

"ஒரு புள்ளிக்கும் இன்னொரு புள்ளிக்கும் என்ன சார் வித்தியாசம்? நிறமில்லை, எடையில்லை... இடம்தான். பக்கத்தில் அடையாளம் ஏதும் இல்லையென்றால் அந்த இடமும் இல்லை. எல்லாம் ஒன்றுதான்!"

அவர் தூங்கிவிட்டார் - என் வாசகர்களைப் போலவே.

முன் சீட்டுப் பெண் திரும்பினாள். கையில் கற்பூரப் பொட்டலம்.

"எல்லாம் ஒண்ணுதான்னா, எம்புள்ள எங்க கீதுங்க?"

பக்கத்திலிருந்த அவள் கணவன்தான் விளக்கினான். "போன வருசம் இதே நாளுங்க. கொயந்தய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போறப்பவே மூச்சு நின்னுடுச்சு. இங்கதான் ஒரு மரத்தடியில பொதச்சோம். வளைஞ்ச மரம்... அதான் அடையாளம்."

வெளியே பார்த்தேன். வளைந்த மரமும் இல்லை, நிமிர்ந்த மரமும் இல்லை. வெறும் அடிக்கட்டைகள். எல்லாம் ஒரே உயரம்.

இருவரும் இறங்கினார்கள்.

"ஏதோ ஒண்ணுல ஏத்திட்டு வா, பஸ்ஸு கெளம்பிடும்."

"இன்னாய்யா பேசற? நம்ம புள்ள ஏதோ ஒண்ணா?"

ஒவ்வொரு கட்டையிலும் ஏற்றினாள். பாதை திறந்த பிறகும் டிரைவர் ஹார்ன் அடிக்கவில்லை. அவள் பின்னாலேயே பஸ்ஸை மெல்ல உருட்டினார். கற்பூரம் தீர்ந்ததும் ஏறி, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பஸ் வேகமெடுத்தது. கடைசி சீட்டுக்குப் போய்ப் பின்கண்ணாடி வழியே பார்த்தேன். அந்தியின் மங்கிய வெளிச்சத்தில் சுடர்கள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன.

ஒன்று மட்டும் அணையவில்லை.

காற்றில் புழுதி பறந்தது, சருகு பறந்தது. அந்தச் சுடர் அசையக்கூட இல்லை. நேராக... எங்களையே பார்ப்பதுபோல.

"அம்மா, அதோ பாருங்கள்!"

அவள் ஓடி வருவதற்குள் பஸ் வளைவில் திரும்பிவிட்டது.

"எதுங்க? மொதல்லேர்ந்து எத்தினியாவது கட்டைங்க?"

நான் எண்ணவில்லை. எல்லாம் ஒன்றுபோலத்தானே இருந்தன!

"அதோ..." என்று இருட்டுக்குள் கை நீட்டினேன். அவள் என் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த 'அதோ' எங்கே என்று, நீட்டியவனுக்கே தெரியவில்லை.