பார்டோ கேட்காமல் விட்ட கேள்வி

மரண விசாரணை மன்றத்தில் வில்ஃபின் உடல் கிடந்த படங்கள் கைமாறிக்கொண்டிருந்தபோது, பாரிஸ்டர் பார்டோ தன் காகிதக் கட்டை முழுசாகக் கீழே போட்டார். வில்ஃபின் அக்கா ஹில்டா குனிந்து பொறுக்கி நிமிர்வதற்குள் படங்கள் அவளைத் தாண்டிப் போய்விட்டன. கைநடுக்கம் பிடித்த கிழம் என்றுதான் நினைத்தாள். ஆண்டவர் அவளை மன்னிக்கட்டும்.

மனிதரும் அப்படித்தான் இருந்தார். வயிறு முதலில் வரும், அவர் பின்னால் வருவார். டையில் முட்டைக் கறை. இந்த மன்றத்தில் பாரிஸ்டர்கள் பொய்முடி வைப்பதில்லை என்பதால் வழுக்கையும் ஊர் பார்க்கக் கிடந்தது. வில்ஃப் வேலை பார்த்த மீன் கம்பெனியின் பாரிஸ்டர் கிரேன், முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளக்கும் ஷூவோடு வந்திருந்தான். சபைப் பெரியவர் கேட்டுக்கொண்டதற்காகக் காசு வாங்காமல் வருகிற பாரிஸ்டர் வேறு எப்படி இருப்பார் என்று ஹில்டா மனதைத் தேற்றிக்கொண்டாள்.

கம்பெனியின் குளிர்கிடங்கில் ஏணியோடு சரிந்து செத்தான் வில்ஃப். சாட்சிக் கூண்டில் கம்பெனி மேஸ்திரி டக், "அவன் பெட்டியில பிராந்தி பாட்டில் இருந்துச்சுங்க" என்றதும் ஹில்டா பெஞ்சின் நுனிக்கு வந்துவிட்டாள். ஞாயிறு தவறாமல் சபையில் பாடிய தம்பியைக் குடிகாரன் என்று எழுதிவிடுவார்களே!

கிரேன் துள்ளி எழுந்தான். "ஐயா, இதிலிருந்தே தெரிகிறது, இந்த மனிதர் தன் கவனக்குறைவால்..."

"இங்கே பிரசங்கம் கிடையாது, மிஸ்டர் கிரேன். உங்க முறை வரும்போது கேள்வி இருந்தா கேளுங்க" என்றார் விசாரணை அதிகாரி.

பார்டோ எழுந்தார். ஏணிக்கு முன்னமே ஒரு கால் உடைந்திருந்ததை டக் வாயாலேயே சொல்லவைத்தார். உட்கார்ந்துவிட்டார்.

ஹில்டா அவர் கோட்டைப் பிடித்து இழுத்தாள். "பாட்டிலைப் பத்திக் கேளுங்கய்யா!"

"மாட்டேம்மா. தன் கம்பெனி ஆள்கிட்ட கடைசியாக் கேக்குற உரிமை அந்தக் கிரேன் பையனுக்கு. நான் தொட்டா அவன் பூசி மெழுகிடுவான். தொடலேன்னா, சும்மா உக்கார அவனால முடியாது. பெட்டியைப் படம் எடுத்திருக்காங்க, பாத்தேன். நீங்க சாப்பிட்டீங்களா?" சட்டைப் பையிலிருந்து பன்றிக்கறி அடைத்துச் சுட்ட பலகாரம் பாதி வெளியே வந்தது.

கிரேன் எழுந்தேவிட்டான். "ஆக, அன்று அவர் குடித்திருந்தார் என்றுதானே நினைத்தீர்கள்?"

"எப்படிங்க?" டக் விழித்தான். "மூடியே திறக்கலியே. சிவப்பு ரிப்பன் கட்டி, 'அக்காவோட கிறிஸ்மஸ் புட்டிங்ல ஊத்த'ன்னு சீட்டு தொங்குச்சு. பாட்டிலை மட்டும் சொல்லு, மத்ததை விடுன்னு ஆபீஸ்ல சொன்னாங்க."

உட்காரச் சொல்ல ஆள் தேவைப்படவில்லை கிரேனுக்கு. உடைந்த ஏணியால் வந்த சாவு என்று தீர்ப்பில் ஏறியது. பிராந்தியைப் பற்றி ஒரு சொல் இல்லை.

விசாரணை முடிந்து கிரிம்ஸ்பி ஊர் ரயில் நிலையத்தில், விளிம்புவரை நிறைந்த தேநீரை ஒரு சொட்டுச் சிந்தாமல் பார்டோ அவள் கையில் கொடுத்தார். தம்பியின் படங்கள் தன் கண்ணில் படாதபடி காகிதம் விழுந்த கதை ஹில்டாவுக்கு அப்போதுதான் உறைத்தது. போலீஸ் திருப்பித் தந்த பாட்டிலை ரிப்பனோடு நீட்டினாள். அந்த நாளுக்குப் பிறகு அவரை அவள் பார்க்கவேயில்லை.

"ஐயையோ, வேண்டாம்மா!" என்றார் பார்டோ, ரயில் படியில் வயிற்றை ஏற்றிக்கொண்டே. "நான் இங்கே தடுக்கி விழுந்தேன்னு வைங்க, முதல்ல இந்தப் பாட்டிலைத்தான் தூக்கிக் காட்டுவானுக. புட்டிங்ல ஊத்துங்க. நல்லாவே ஊத்துங்க."