வலப்பக்கம் நின்றால் வராத நெருப்பு

தொண்ணூறுகளின் கடைசிக் கோடைகளில் ஒன்று. அக்கா பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தாள். பந்தயம் நடந்த கிழமை ஞாயிறு என்பது ஆட்டத்துக்காக நான் வைத்திருந்த நோட்டில் இருக்கிறது. உத்திரமேரூர்ப் பக்கத்து எங்கள் வீட்டில் அப்போது ஒரு டிவி கேம் இருந்தது. ராஜகுளத்துப் பெரியப்பா மகனுடையது. அவன் பிளஸ் டூ பரீட்சையை உருப்படியாக எழுதவேண்டும் என்று பெரியப்பா அதைப் பிடுங்கி எங்களிடம் கொடுத்து வைத்திருந்தார்.

அதன் கேசட்டில் பல ஆட்டங்கள். எல்லோரும் ஆடியது சுடுவதும் தாவுவதும்தான். கடைசியில் ஒரு சண்டை ஆட்டம் உண்டு. இரண்டு பேர் பக்கவாட்டில் நின்று குத்திக்கொள்வார்கள். கையை ஓங்குவதற்கே நேரம் எடுப்பார்கள் என்பதால் யாரும் அதைத் தொடுவதில்லை. பரீட்சை முடிந்தபின் அக்காவை வெளியே அனுப்புவது குறைந்துபோயிருந்தது. அவள் அந்த ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். முதல் ரிமோட்டை வைத்துக்கொண்டு மெஷினோடு மோதுவாள். நான் பட்டன்களைக் குறித்துக்கொள்வேன். ‘கீழ், வலது, குத்து: கையிலிருந்து நெருப்பு.’ சில நேரம் அது வராது. வராத தடவைகளையும் எண்ணி, காரணம் ‘பட்டன் தேய்வு’ என்று எழுதியிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா மகன், எங்களுக்கு அண்ணன், தன் டிவி கேம் செட்டை எடுத்துப் போக வந்தான். ஆட்டத்தில் அவனை ஜெயித்தால் பள்ளி திறக்கும்வரை அது எங்கள் வீட்டில் இருக்கவேண்டும் என்று அக்கா கேட்டாள். எந்த ஆட்டம் என்றான். அவள் சொன்னதும் சிரித்தான்.

“அத்த எவன் ஆடுவான்? சரி, வா.”

மூன்று சுற்று என்று பேச்சு. செட்டு தன்னுடையது என்று முதல் ரிமோட்டை அவன் எடுத்துக்கொண்டான். முதல் ரிமோட்டின் ஆள்தான் இடப்பக்கம் தொடங்குவான், அதனால் அக்காவின் ஆள் முதல்முறையாகத் திரையின் வலப்பக்கம் தொடங்கினான். அவள் பழகிய அடியை அடித்தாள். நெருப்பு வரவில்லை, அவள் ஆள் பின்னால் நகர்ந்தான்.

“இன்னாடி, உன் ஆளு தூங்கிக்கினு கீறானா?”

நான் உதவுவதாக நினைத்து நோட்டைச் சத்தமாகப் படித்தேன். கீழ், வலது, குத்து. அண்ணனும் அதே ஆளைத்தான் எடுத்திருந்தான். கேட்டபடி அழுத்திப் பார்த்தான். அவன் கையிலிருந்து நெருப்பு பாய்ந்து அக்காவின் ஆளைச் சாய்த்தது. மறுபடியும் பாய்ந்தது. முதல் சுற்று போயிற்று.

“நீ படிச்சது போதும்,” என்றாள் அக்கா. நோட்டைப் பிடுங்கித் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

இரண்டாம் சுற்றில் அவள் வலதுக்குப் பதிலாக இடதை அழுத்தினாள். நெருப்பு வந்தது. நான் எழுதியிருக்கவேண்டியது எதிராளி நிற்கும் பக்கம் என்று. அவள் எப்போதும் இடப்பக்கமே தொடங்கியதால் வலது என்றே எழுதிவிட்டேன். வராத தடவைகள் எல்லாம் இருவரும் இடம் மாறியிருந்த தடவைகள். பட்டனில் ஒரு குறையும் இல்லை.

அந்தச் சுற்றை அவள் ஜெயித்தாள். மூன்றாவதில் இருவருக்கும் உயிர்க்கோடு ஒரு விரல் அகலத்துக்கு இளைத்திருந்தபோது, அவன் தலைக்கு மேல் தாவி மறுபுறம் இறங்கினாள். அவன் கீழ், வலது, குத்து என்று விடாமல் அழுத்தினான். அவன் ஆள் பின்வாங்கிக்கொண்டே போனான்.

“ஏய், இது வேல செய்யல.”

“செய்யுது, ண்ணா,” என்றாள் அக்கா. அவள் நெருப்பு அவனைத் தொட்டது.

அண்ணன் ரிமோட்டைக் கீழே வைத்தான். பிறகு செட்டை அங்கேயே விட்டுவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு முந்திய பஸ்ஸைப் பிடித்தான். பள்ளி திறக்கும்போது வருவதாகச் சொல்லிப் போனவன் அடுத்த ஞாயிறே ஆட வந்து நின்றான். அக்கா நகர்ந்து இடம்விட்டு, இரண்டாம் ரிமோட்டை அவனிடம் நீட்டினாள்.