சத்தம் எந்தச் சக்கரத்தில்?

டயர்க் கடைக்காரனுக்குக் கண்ணைவிடக் காது முக்கியம் என்பார்கள். எனக்கு இரண்டு காதும் நன்றாகவே கேட்கும், குழப்பமே அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஜெலுத்தோங்கில் ஒரு டயர்க் கடையில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். பழைய காடி, அதாவது கார், வைத்திருக்கும் அன்பர்களே, ஓடும்போது "ஊங்" என்று கேட்டால் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டுப் போகிறவர்கள்தானே நீங்கள்? வெட்கப்பட வேண்டாம், நானும் அப்படித்தான் போகிறேன்.

பாடச் சொன்னது

பரமேஸ்வரிக்குப் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை. ஒரு சனிக்கிழமை காலை வந்து, "அண்ணே, காடி கத்துது" என்றார். நான் ஓட்டிப் பார்த்தேன், சத்தமே இல்லை. அவரை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்போதும் இல்லை. டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் ஓடிப்போகுமே, அந்த மாதிரி. வேறு வழி தெரியாமல், "எப்படிக் கத்துதுன்னு நீங்களே செஞ்சு காட்டுங்க" என்றேன்.

"ஊங்ங்ங்" என்றார். எங்கள் மூத்த மெக்கானிக் ஆ செங் கையைத் துடைத்துக்கொண்டே, "பேரிங் லா" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கோ அந்த "ஊங்"குக்குள் ஒரு "வவ்வவ்" இருப்பதாகப் பட்டது. அப்படி விட்டு விட்டு வந்தால் டயர் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருக்கும். "இன்னொரு தடவை, கொஞ்சம் வேகமா போற மாதிரி" என்றேன். செய்தார். "இப்ப வலது பக்கம் திரும்புற மாதிரி" என்றேன். காத்திருந்த நாலு பேரும் பேப்பரை மடித்துவிட்டுப் பார்த்தார்கள். கழற்றிப் பார்த்தபோது டயர்தான் என்று தெரிந்தது. கழற்ற வைத்தது என் காது இல்லை, அவர் சொன்னதுதான்: "அண்ணே, காடியக் கழட்டிப் பாருங்க லா, என்னைய ஏன் பாடச் சொல்றீங்க?"

கை ஆட்டம்

முனியாண்டி அண்ணன் கடலுக்கு அக்கரையில் இருக்கும் பாகான் டாலாம்காரர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் மனைவி லெட்சுமி அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. வாரத்தில் மூன்று நாள் கடல் பாலம் தாண்டி எங்கள் கடை இருக்கும் தீவுக்குக் கூட்டிவந்து டயாலிசிஸ் செய்ய வேண்டும். காடிக்கு வயது இருபது. பாலத்தில் எண்பதைத் தொட்டால் ஸ்டியரிங் நடுங்குகிறது என்று வந்தார்.

நான்கு சக்கரத்தையும் பேலன்சிங் மிஷினில் ஏற்றினேன். ஈயக் கட்டிகளை ஒட்டி ஒட்டி, எல்லாவற்றிலும் எடை வித்தியாசம் பூஜ்யம் என்று வரும்வரை விடவில்லை. "இனி ஓட்டலாம் அண்ணே" என்றேன். இரண்டு நாளில் திரும்பி வந்தார். முன் டயர்களைப் பின்னாலும் பின் டயர்களை முன்னாலும் மாற்றிப் போட்டேன். "இப்ப கண்டிப்பா ஓட்டலாம்" என்றேன். மூன்றாம் நாள் மறுபடி வந்து நின்றார். ஸ்டியரிங் நடுங்கவில்லையாம், சீட் நடுங்குகிறதாம். மிஷினோ பூஜ்யம் என்றே சாதித்தது. எனக்குத் தலை சுற்றியது. அவர் கோபப்படவே இல்லை: "தம்பி, வியாதி குணமாகல, எடம்தான் மாறியிருக்கு."

பின்சீட்டு

அடுத்த முறை சிகிச்சை முடிந்ததும் நேரே கடைக்கு வரச் சொன்னேன். அண்ணன் ஓட்ட, நான் முன்னால் உட்கார, கையில் கட்டோடு அக்கா பின்னால் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். கடலோரச் சாலையில் போனோம். எனக்கு எல்லாமே கேட்டது. டேஷ்போர்டு கடகடத்தது, ஏர்கோன் முனகியது, கதவு ஓரத்தில் காற்று விசில் அடித்தது. "முன்பக்கம் வலது" என்றேன். கொஞ்ச தூரம் போனதும், "இல்ல, இடது" என்றேன். அண்ணன் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

சிக்னலுக்காக வேகம் குறைந்தபோது பின்னாலிருந்து மெல்லக் குரல் வந்தது. அக்கா கண்ணைத் திறக்காமலே பேசினார்: "வேகமா போனா நடுங்குது தம்பி, மெதுவா போனா நொண்டுது. என் எடது காலுக்குக் கீழதான், நீங்க டயர மாத்திப் போட்டதுலேருந்து."

உள்பக்கம்

காடியைத் தூக்கிப் பின்பக்க இடது சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினேன். டயரின் பள்ளங்கள் ஆழமாக, புதிதுபோல இருந்தன. ஆனால் உள்பக்கத்தில் ஓர் இடம் முட்டை அளவுக்குப் புடைத்திருந்தது. ஆ செங் தொட்டுப் பார்த்துவிட்டுச் சட்டென்று கையை எடுத்தார். உள்ளே கம்பி வலை பிரிந்துவிட்டது. எந்த நேரத்திலும் வெடித்திருக்கும். அதுவும் பாலத்தின் நடுவில், பின்னால் லாரி வர, இவர்கள் இரண்டு பேரும் உள்ளே இருக்க.

இதற்குத்தான் நான் இரண்டு முறை "ஓட்டலாம்" என்றேன். அண்ணனிடம் மறைக்கவில்லை. "மிஷின் சுத்தும்போது நான் நம்பரத்தான் பாத்தேன் அண்ணே, டயரப் பாக்கல. மன்னிச்சிடுங்க" என்றேன். அவர் அந்தப் புடைப்பைத் தடவிப் பார்த்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அக்காதான் பேசினார்: "மிஷின் சொன்னத எழுதி வச்சீங்க, சரி. இவரு ஆடுது ஆடுதுன்னு சொன்னாரே, அதையும் ஒரு ஓரமா எழுதிக்கக் கூடாதா?"

புது டயர்

நான்கும் புதிதாகப் போட்டு, பூஜ்யத்தை நம்பாமல் நானே பாலம்வரை ஓட்டிப் பார்த்துக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துக் கடை வாசலில் அதே காடி வந்து நின்றது. கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடினேன். "ஆடுதா அண்ணே?" என்றேன். இல்லை என்று தலையாட்டினார். "சத்தமா?" அதற்கும் தலையாட்டினார். பிறகு எதற்கு வந்தார் என்று எனக்கு விளங்கவில்லை. பின்கண்ணாடி இறங்கியது. அக்கா சிரித்தார், முதல் தடவையாக: "சத்தமெல்லாம் போயிருச்சு தம்பி, அதான் வழியெல்லாம் இவரு மத்த டிரைவர்கள என்ன திட்டுறாருன்னு இப்பத்தான் எனக்குக் கேக்குது, அதுக்கு ஏதும் மருந்து இருக்கா?"

இத்தனை வருடம் சக்கரம் சுற்றியதில் நான் சந்தேகமில்லாமல் தெரிந்துகொண்டது ஒன்றுதான்: சத்தம் எங்கிருந்து வருகிறது என்று முதல் நிமிடத்திலேயே அடித்துச் சொல்கிறவன், அந்தக் காடியில் ஏறிப் போகப் போகிறவன் இல்லை.