நிதானம் நடந்த மூன்று மாதம்

நிதானம் அரிய குணம். அவசரம் எல்லார்க்கும் எளிதில் கைவரும். நிதானமோ ஒரு சிலர்க்கே வாய்க்கும். இருபத்திரண்டு ஆண்டுகள் நகரப் பேருந்து ஓட்டியும், நின்றபடி வந்த பயணி ஒருவரைக்கூடத் தடுமாற விடாத ஓட்டுநர் ஒருவருக்குப் பணிமனையில் அக்குணமே பெயராயிற்று. "நிதானம் வண்டி வந்துருச்சா?" என்றுதான் கேட்பார்கள்.

அந்த நிதானத்தின் குருதியில் சர்க்கரை ஏறியிருப்பது ஆண்டுப் பரிசோதனையில் தெரிந்தது. மாத்திரை எழுதிக்கொடுத்த மருத்துவ அம்மையார், நாள்தோறும் நடக்கச் சொன்னார். மூன்று மாதத்தில் குறையாவிட்டால் வண்டியிலிருந்து இறக்கி அலுவலக நாற்காலியில் உட்கார்த்த நேரும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஸ்டியரிங் பிடித்த கையில் வேறெதுவும் ஒட்டாது என்பது ஓட்டுநரின் எண்ணம்.

நடந்தே குறையுமென்றால் ஓடினால் இன்னும் விரைவில் குறையாதா? மறுநாள் காலையே பூங்காவைச் சுற்றித் தலைதெறிக்க ஓடினார். நாக்குத் தள்ள வீடு திரும்பி மனைவியிடம் விரலை நீட்டினார். சிறு கருவியில் ஒரு சொட்டு இரத்தம் வைத்துப் பார்ப்பது அவ்வம்மாளின் பொறுப்பு. கிளம்புமுன் நூற்றெழுபது காட்டிய கருவி இப்போது இருநூற்றுப் பத்து காட்டியது. கருவி பழுது என்றார். அடுத்த நாளும் ஓடினார்; அடுத்த நாளும் ஏறியே இருந்தது. மூன்றாம் நாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

"உக்காந்தாலும் ஏறுது, ஓடினாலும் ஏறுது. என் சீட்டு கிழிஞ்சுது."

அம்மாள் துண்டை எடுத்து அவர் தோளில் போட்டாள். "ஏங்க, பஸ்ஸை இப்படித்தான் ஓட்டுவீங்களா?"

அன்றே அவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றாள்.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். மூச்சிரைக்க ஓடினால் ஆபத்து வந்ததென்று உடல் மிரளும். கல்லீரல் தன் சேமிப்பிலுள்ள சர்க்கரையை இரத்தத்தில் கொட்டும். அது சிறிது நேரத்து ஏற்றம்தான், பின்பு தணியும். ஓட்டம் குற்றமன்று, ஆனால் பழகாத உடல் படிப்படியாகவே வேகம் கூட்ட வேண்டும். உணவுக்குப் பின் அளவாக நடந்தால் தசைகள் சர்க்கரையை இழுத்துச் செலவழிக்கும். அப்பயன் ஓரிரு நாளே நிற்குமாதலால் நடை விடுபடக் கூடாது. மறுபரிசோதனையும் ஒருநாள் அளவைப் பாராது. மூன்று மாதச் சராசரியையே சதவீதக் கணக்கில் பார்க்கும்.

அன்றோடு, உண்ட கையோடு இருக்கையில் சாயும் வழக்கம் ஒழிந்தது. மதிய உணவு முடிந்ததும் நிறுத்திய வண்டியைச் சுற்றிக் கால்மணி நேரம் நடந்தார். துணைக்கு இழுபட்ட நடத்துநர் அலுத்துக்கொண்டார்.

"அண்ணே, நாம சுத்துறதப் பாத்து வண்டி ரிப்பேர்னு நாலு பேரு எறங்கிப் போயிட்டாங்க."

"ரிப்பேர்தான்யா. வண்டி இல்ல, ஓட்டுறவன்" என்றார் அவர், நடையின் வேகம் மாறாமல்.

இரவு உணவுக்குப் பின் மனைவி துணை வந்தாள். மழை பெய்த நாள்களில் இருவரும் கூடத்திலேயே குறுக்கும் நெடுக்குமாக நடந்தார்கள்.

மூன்று மாதம் முடிந்தது. எட்டரை சதவீதமாக இருந்த சராசரி ஏழுக்கு இறங்கியிருந்தது. மருத்துவர் தாளை மடித்து நீட்டினார். "மாத்திரையும் நடையும் சேந்து செஞ்ச வேலை. ரெண்டையும் விட்டுடாதீங்க. போய் வண்டிய எடுங்க."

அன்று மாலை வண்டி வழக்கம்போல் அலுங்காமல் கிளம்பிற்று. பயணிகளுக்கு ஒன்றும் தெரியாது. நடத்துநர் மட்டும் விசிலைச் சற்று நீட்டி ஊதினார்.

ஓட்டுநரின் கால்கள் தளராதிருக்க; உடன் நடக்கும் துணை என்றும் பிரியாதிருக்க; அவ்வில்லத்தில் நலமும் நகைப்பும் நீங்காது நிலைக்க இறைவன் அருள்க.