பன்னிரண்டில் ஒரு கிணறு

புத்தூரில் பாலேஸ்வரிக்கு இருந்ததெல்லாம் ஒரு கிணறும் நாலு பரப்பு வெங்காயத் தோட்டமும்தான். மோட்டரைப் போடுமுன் உப்புக் கரிக்கிறதா என்று ஒரு வாய்த் தண்ணீரைக் கொப்பளித்துப் பார்ப்பது அவளுடைய முப்பது வருடப் பழக்கம்.

போன வருடம் அவளுடையது உட்பட ஊரின் பன்னிரண்டு கிணறுகளுக்குள் உப்பு அளக்கும் பெட்டிகளை இறக்கினார்கள். அன்றிலிருந்து காலையில் போனுக்குச் செய்தி வரும்: ‘நல்ல தண்ணீர், இறைக்கலாம்.’

ஆனியில் ஒருநாள் வாயில் உப்புக் கரித்தது. போனோ நல்ல தண்ணீர் என்றது. பிறஷருக்குப் போடும் குளிசைதான் தன் நாக்கைக் கெடுத்துவிட்டதென்று எண்ணி, துப்பிவிட்டு இறைத்தாள். தினமும் இறைத்தாள். பத்தாம் நாள் வெங்காயத் தாள்களெல்லாம் கருகிப் படுத்துவிட்டன.

பெட்டிகளைப் பார்க்க வந்த பிரவீணனை வரம்பிலேயே மறித்தாள்.

“தம்பி, என்ரை கிணறு என்ன சொன்னதெண்டு காட்டு.”

“தனித்தனியா வராதம்மா. ஒவ்வொண்டும் அனுப்பினா பற்றரி கெதியா முடிஞ்சிடும். பன்னிரண்டையும் சேர்த்து, சராசரியை மட்டுந்தான் அனுப்பும். மற்றப் பதினொண்டும் நல்ல தண்ணி, அதுதான்...”

“அப்ப என்ரை உப்பைப் பன்னிரண்டு பேருக்கும் பங்கு போட்டிட்டியள்,” என்றாள் பாலேஸ்வரி. “உந்தக் கருகலை மட்டும் ஏனடா எனக்குத் தனிய விட்டனீங்கள்?”